இரட்டைக் கார்புரேட்டர் வண்டி: ஊசியை மாற்றிய பின்னும் பெட்ரோல் ஒழுகுகிறது

கேள்வி

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழையதான, இரண்டு சிலிண்டரும் இரண்டு கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விடும் பாகம்) கொண்ட ஒரு மோட்டார் சைக்கிள் அண்மையில் என் கைக்கு வந்தது. நான்கு ஆண்டுகளாக ஓடாமல் நின்ற வண்டி. டேங்கில் புதிய பெட்ரோலை ஊற்றி டேப்பைத் திறந்த சில நிமிடங்களில், இரண்டு கார்புரேட்டர்களின் அடியிலும் தொங்கும் சிறிய குழாய்களின் வழியே பெட்ரோல் சொட்டத் தொடங்கியது. எஞ்சினை இயக்கவே இல்லை. வண்டி சும்மா நிற்கும்போதே ஒழுகுகிறது.

கார்புரேட்டரைக் கழற்றுவது எனக்கு இதுவே முதல் முறை. பழுது நீக்கும் உதிரிபாகத் தொகுப்பு ஒன்றை வாங்கி, கீழ்க்கிண்ணங்களைத் திறந்து, இரண்டிலும் ஃப்ளோட் (மிதவை) ஊசி, கிண்ணத்தின் கேஸ்கட் (விளிம்பில் கசிவைத் தடுக்கும் பட்டை), பெட்ரோலை வடிக்கும் டிரெயின் ஸ்குரூவின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஆகியவற்றை மாற்றினேன். ஊசியைத் தள்ளும் ஃப்ளோட்டின் நாக்கை நான் வளைக்கவில்லை என்பதால் அதன் உயரம் மாறியிருக்காது என்று எண்ணி அளக்காமல் விட்டுவிட்டேன். கிண்ணத்தின் ஸ்குரூக்களில் ஒன்றின் தலை, திருப்பும்போதே தேய்ந்து வழுக்கிவிட்டது என்பதையும் வெட்கத்தோடு சொல்ல வேண்டும்.

மீண்டும் பூட்டிப் பார்த்தபோது இடப்பக்கத்தில் நிமிடத்துக்கு ஏழெட்டுச் சொட்டுகள் விழுகின்றன. வலப்பக்கத்தில் முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை, அதன் பிறகு நூல் போல் இடைவிடாமல் ஓடுகிறது. புதிய ஊசிகளே பழுதாக இருக்குமோ? கேஸ்கட்டின் மேல் சிலிக்கான் பசை தடவினால் நிற்குமா? ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் டேப்பை மூடிக்கொண்டால் இப்படியே ஓட்டலாமா?

மறுமொழி 1

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஓட்ட வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தரையாகப் பரவி, நீங்கள் நினைத்தும் பார்க்காத தொலைவில் இருக்கும் அடுப்பையோ ஹீட்டரையோ சென்று சேரும். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றத் தக்க ஆவியை விடும் பொருள். ஆகவே பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கதவுகள் திறந்த இடத்தில், தீயணைப்பான் ஒன்றைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

சிலிக்கான் பசையும் வேண்டாம். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறி உப்பி, துணுக்குகளாக உதிர்ந்து, கடைசியில் ஜெட்டின் (பெட்ரோலை அளவாக விடும் சிறு பாகம்) துளையில் போய் அடைத்துக்கொள்ளும். அதற்கும் மேலாக, உங்கள் ஒழுகலுக்கும் கேஸ்கட்டுக்கும் தொடர்பே இல்லை. கேஸ்கட் ஒழுகினால் கிண்ணமும் உடற்பகுதியும் சேரும் விளிம்பைச் சுற்றி ஈரம் தெரியும். இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கும் டி வடிவக் குழாயின் ஓ-ரிங் இறுகிப்போயிருந்தால் நடுவில் சொட்டும். நீங்கள் சொல்வது அடிக்குழாய் வழியே வரும் ஒழுகல்.

தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வு வேலை செய்வது போலத்தான் கிண்ணத்திலும் நடக்கிறது. பெட்ரோல் உயர உயர ஃப்ளோட் எழும்பி, தன் நாக்கால் ஊசியை மேலே தள்ளி, சீட்டின் (ஊசி வந்து உட்காரும் இடம்) துளையை அடைக்கிறது. அடைக்கத் தவறினால் மட்டம் ஏறிக்கொண்டே போய், கிண்ணத்தின் நடுவே நிற்கும் மெல்லிய பித்தளைக் குழாயின் வாயைத் தாண்டி வெளியே வழியும். வழிவதற்கென்றே வைத்த குழாய் அது. இல்லாவிட்டால் அந்தப் பெட்ரோல் எஞ்சினுக்குள் போயிருக்கும். ஆகவே இது வழிகிறதே என்று அந்த வாயை அடைத்துவிடாதீர்கள். (சில பழைய ஆங்கிலேய வண்டிகளில், குளிர்ந்த எஞ்சினை இயக்குவதற்காக ஃப்ளோட்டை விரலால் அமுக்கி வேண்டுமென்றே வழிய விடும் பொத்தான் ஒன்று உண்டு. அது பழுது அல்ல, பழக்கம்.)

நீங்கள் ஊசியை மாற்றிவிட்டுக் காரணத்தைத் தேடுகிறீர்கள். நானும் என் முதல் வண்டியில் அப்படித்தான் செய்தேன். இப்போது எதையும் கழற்றாமல் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். உள்ளே இருப்பது தெரியும்படியான ஒரு பிளாஸ்டிக் குழாயை டிரெயின் முனையில் மாட்டி, அதன் மறுமுனையைக் கிண்ணத்தின் பக்கவாட்டில் மேல்நோக்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, டேப்பைத் திறந்து, டிரெயின் ஸ்குரூவைச் சில சுற்றுகள் தளர்த்துங்கள். கிண்ணத்துக்குள் இருக்கும் மட்டமே குழாயிலும் தெரியும். கிண்ணம் சேரும் விளிம்புக்குக் கீழே, உங்கள் வண்டியின் பழுதுபார்க்கும் கையேடு சொல்லும் மில்லிமீட்டரில் மட்டம் ஏறி நின்றுவிட்டால், ஊசியும் சீட்டும் தம் வேலையைச் செய்கின்றன என்று பொருள். விளிம்பைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் வால்வு அடைக்கவில்லை. பத்து நிமிடமாவது காத்திருந்து பாருங்கள். மிக மெதுவாகக் கசியும் வால்வு இரண்டு நிமிடத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஏனென்றால் நீங்கள் விவரிக்கும் இரண்டு ஒழுகல்களும் ஒரே பழுதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுமொழி 2

மேலே எழுதியவர் சொன்னது முழுவதும் சரி. ஆனால் தம்பி, கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் எஞ்சின் ஆயிலின் அளவுக்கோலை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தாலோ, ஆயில் மட்டம் முன்பு இருந்ததைவிட ஏறியிருந்தாலோ, வழிந்த பெட்ரோல் திறந்திருக்கும் வால்வின் வழியே சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலோடு கலந்துவிட்டது என்று அறியலாம். அந்த ஆயில் நீர்த்துப்போய், பேரிங்குகளைக் காக்கும் தன்மையை இழந்திருக்கும். ஒழுகலை நிறுத்திய பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் எஞ்சினை இயக்கக் கூடாது. ஒழுகலை நிறுத்துவதற்கு முன் மாற்றினால் புதிய ஆயிலும் வீணாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. சிலிண்டரில் பெட்ரோல் தேங்கியிருக்கும்போது ஸ்டார்ட்டரை அழுத்தினால், திரவம் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, தீப்பொறி வராதபடி இக்னிஷனைத் துண்டித்து, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றி வெளியேற்றுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் பீய்ச்சும் நேரத்தில் அருகில் பொறி பறந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டேப்பைப் பற்றியும் கேட்க வேண்டும். அதில் மூடும் நிலை இருக்கிறதா, அல்லது எஞ்சினின் உறிஞ்சலால் திறக்கும் வகையா? இரண்டாம் வகையில் வழக்கமான நிலையிலும் ரிசர்விலும் எஞ்சின் நின்றவுடன் பெட்ரோல் தானாகவே நிற்க வேண்டும். உங்களுடையது அந்த வகையாக இருந்து, எஞ்சினை இயக்காமலேயே பெட்ரோல் வருகிறது என்றால், டேப்பின் உள்ளே இருக்கும் டயஃப்ரமும் (உறிஞ்சலுக்கு அசையும் மெல்லிய சவ்வு) போய்விட்டது என்பது இரண்டாவது பழுது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி, ஐயா. டேப் கையால் மூடும் வகைதான். ஆயிலில் லேசான பெட்ரோல் வாசனை இருக்கிறது. மட்டமும் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது வலப்பக்கப் பிளக் நனைந்திருந்தது.

குழாய்ச் சோதனையின் முடிவு எனக்கே வியப்பாக இருந்தது. வலப்பக்கத்தில் மட்டம் நிற்கவே இல்லை. விளிம்பைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. இடப்பக்கத்தில் கையேடு சொல்லும் அளவிலேயே வந்து நின்று, பதினைந்து நிமிடம் அசையவில்லை. ஆனால் டிரெயின் ஸ்குரூவை இறுக்கிவிட்டுப் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றியதும் அதே முனையிலிருந்து மறுபடியும் சொட்டுகிறது. மட்டம் சரியாக இருக்கும்போது அது எப்படி வழிய முடியும்?

மறுமொழி 3

இடப்பக்கம் வழியவில்லை, கசிகிறது. பல கார்புரேட்டர்களில் டிரெயின் துளையும் அந்த நடுக்குழாயும் அடியில் ஒரே முனையில்தான் வெளியே வருகின்றன. ஆகவே அந்த முனையில் பெட்ரோல் வந்தால், ஒன்று டிரெயின் ஸ்குரூ சரியாக அடைக்கவில்லை, அல்லது நடுக்குழாயின் சுவரில் விரிசல் இருக்கிறது. பழைய பித்தளைக் குழாய்களில் நெடுவாட்டில் மயிரிழை போல விரிசல் விடுவது அடிக்கடி காணும் பழுது. கிண்ணத்தில் தண்ணீர் சேர்ந்து குளிரில் உறைந்தாலும் வரும், வெறும் வயதாலும் வரும். ஃப்ளோட்டையும் ஊசியையும் எத்தனை முறை மாற்றினாலும் இது நிற்காது.

எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கிண்ணத்தைத் தனியாகக் கழற்றி, டிரெயின் ஸ்குரூவை இறுக்கி, மேசை மேல் மட்டமாக நிறுத்தி, நடுக்குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே வரை பெட்ரோல் ஊற்றுங்கள். அடியில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். கிண்ணம் முழுவதும் வற்றும் வரை சொட்டினால் பழுது டிரெயின் ஸ்குரூவில். ஓர் உயரத்துக்கு இறங்கியதும் சொட்டுவது நின்றுவிட்டால், விரிசலின் கீழ்முனை அந்த உயரத்தில் இருக்கிறது என்று பொருள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த இடத்தில் மஞ்சள் படிந்த கோடு தெரியும்.

விரிசல்தான் என்றால், கிண்ணத்தை நன்றாகக் கழுவி, பெட்ரோல் வாடையே இல்லாதபடி உலர்த்தி, பெட்ரோல் இருக்கும் இடத்தை விட்டுத் தொலைவாகக் கொண்டுபோய், குழாயின் வெளிச்சுவரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி, மெலிதாக ஈயப்பற்று வைக்கலாம். தீ நாக்கு வேண்டாம். சாலிடரிங் கோல் போதும், ஏனென்றால் கிண்ணத்தின் வார்ப்பு உலோகம் அதிகச் சூட்டைத் தாங்காது. பற்று தடித்துவிட்டால் ஃப்ளோட் அதில் உரசி மாட்டிக்கொள்ளும் என்பதால், முடிந்ததும் கிண்ணத்தை வைத்து ஃப்ளோட் தடையில்லாமல் ஆடுகிறதா என்று பாருங்கள்.

வலப்பக்கத்துக்கு வருவோம். ஊசி மட்டும்தான் மாற்றினேன் என்கிறீர்கள்; சீட்டைக் கழற்றினீர்களா? பல வண்டிகளில் சீட் என்பது தனியான பித்தளைத் துண்டு. ஒரு சிறு தகடும் ஸ்குரூவும் அதைப் பிடித்திருக்கும். அதன் வெளிச்சுற்றில் ஓர் ஓ-ரிங் இருக்கும். அந்த ஓ-ரிங் காலத்தால் தட்டையாகி இறுகிவிட்டால், ஊசி எவ்வளவு கச்சிதமாகத் துளையை அடைத்தாலும் பெட்ரோல் சீட்டின் வெளிப்புறமாகச் சுற்றிக்கொண்டு கிண்ணத்துக்குள் இறங்கும். புதிய ஊசி போட்டும் ஒழுகுகிறது என்று கேட்பவர்களில் பலருக்குப் பழுது இங்கேதான் இருக்கிறது. வெளியே வந்த பழைய ஓ-ரிங்கை விரலால் அமுக்கிப் பாருங்கள். ரப்பராக இல்லாமல் கறுப்புப் பிளாஸ்டிக் வளையம் போல முறிந்தால் சந்தேகமே வேண்டாம். மாற்றாகப் போடுவது நைட்ரைல் அல்லது விட்டான் ரப்பராக இருக்கட்டும்; பிரேக் வேலைக்குப் பயன்படும் ஈபிடிஎம் ரப்பர் பெட்ரோலில் உப்பிவிடும்.

சீட் கழற்ற வராத வகையாக இருந்தால், காதுக்குச்சியின் பஞ்சில் உலோகப் பாலிஷைத் தொட்டு, துளையின் விளிம்பில் மெதுவாகச் சுழற்றி மெருகேற்றி, பிறகு முழுவதும் கழுவுங்கள். உப்புத்தாள் கூடாது.

ஃப்ளோட்டைத் தாங்கும் ஆணியைக் கழற்றும்போது கவனம். அதன் இரண்டு தூண்களும் கார்புரேட்டரின் உடலோடு சேர்ந்து வார்த்தவை; சுத்தியல் பட்டால் ஒடிந்துவிடும். ஆணியின் ஒரு முனை பெருத்திருக்கும் அல்லது ஒரு தூணில் மட்டும் இறுகலாக இருக்கும். அந்தப் பக்கமாகவே வெளியே தள்ள வேண்டும். வராவிட்டால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள்.

மறுமொழி 4

ஃப்ளோட் உயரத்தை அளக்காமல் விட்டதைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. நாக்கை வளைக்காவிட்டாலும், புதிய ஊசி பழையதைவிட அரை மில்லிமீட்டர் நீளமாகவோ குட்டையாகவோ இருந்தால் மட்டம் மாறிவிடும். தொகுப்பில் வரும் ஊசிகளை நான் எப்போதும் பழையவற்றின் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்ப்பேன். அதே காரணத்துக்காக, தொகுப்பில் ஜெட்டுகள் வந்திருந்தால் அவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். வண்டியில் ஏற்கனவே இருக்கும் ஜெட்டுகள் அடைத்திருந்தால் சுத்தம் செய்தால் போதும், அவை தேய்ந்துபோவது அரிது. எஃகுக் கம்பியை மட்டும் துளைக்குள் விடாதீர்கள்.

அளக்கும் முறை: கார்புரேட்டரை முழுவதும் தலைகீழாக வைக்காமல், ஃப்ளோட்டின் நாக்கு ஊசியின் முனையில் இருக்கும் சிறிய ஸ்பிரிங் ஆணியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி சாய்த்துப் பிடித்து, கேஸ்கட் இல்லாத விளிம்பிலிருந்து ஃப்ளோட்டின் மறுகோடி வரை அளக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் ஃப்ளோட்டின் எடை அந்த ஸ்பிரிங்கை அமுக்கிவிட, அளவு குறைவாகத் தெரியும். அளவு கூடினால் பெட்ரோல் மட்டம் இறங்கும், குறைந்தால் ஏறும். முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

மறுமொழி 3 எழுதியவரோடு ஓர் இடத்தில் மட்டும் நான் உடன்படவில்லை. ஈயப்பற்று வைப்பதைவிட, கிடைக்குமானால் நல்ல நிலையில் இருக்கும் வேறொரு கிண்ணத்தைத் தேடுவதே முதல் முறை செய்பவருக்கு ஏற்றது. கை பழகாதவர் குழாயை அடியோடு பிடுங்கிவிடும் வாய்ப்பு உண்டு.

தேய்ந்த ஸ்குரூவைப் பற்றியும் ஒரு சொல். பழைய ஜப்பானிய வண்டிகளில் இருப்பவை பிலிப்ஸ் தலைகள் அல்ல, ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) தலைகள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருந்தாலும், பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் முனை கொண்ட ஸ்குரூ டிரைவர் ஒன்று இந்த வேலைக்கு அவசியம்.

கேட்டவர்

மூன்று மாலை நேரங்களில் வேலை முடிந்தது, நடந்ததை எழுதுகிறேன்.

வலப்பக்கத்துச் சீட்டைப் பிடித்திருந்த தகட்டை நான் முதல் முறை பார்த்தும் அது என்னவென்று தெரியாமல் விட்டிருந்தேன். ஸ்குரூவை எடுத்து, சீட்டை மெதுவாகத் திருகி இழுத்தபோது, அதன் ஓ-ரிங் நான்கு துண்டுகளாகக் கையில் வந்தது. அதே ஓ-ரிங் புதிதாகத் தொகுப்பின் பையிலேயே கிடந்தது. எதற்கென்று தெரியாததால் மிச்சம் என்று ஒதுக்கிவைத்திருந்தேன். இடப்பக்கச் சீட்டில் ஒழுகாவிட்டாலும் அதன் ஓ-ரிங்கையும் மாற்றினேன், அதுவும் முறிந்தது.

இடக்கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி வெள்ளைத் தாளின் மேல் வைத்ததும் சொட்டத் தொடங்கியது. சுமார் மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் நின்றுவிட்டது. பூதக்கண்ணாடியில் கோடு தெளிவாகத் தெரிந்தது. மறுமொழி 4 எழுதியவர் சொன்னதற்காக வேறு கிண்ணம் தேடினேன், கிடைக்கவில்லை. உதவாத ஒரு பித்தளைத் துண்டில் நாலைந்து முறை பழகிப் பார்த்த பிறகு ஈயப்பற்று வைத்தேன். முதல் பற்று திரண்டு ஃப்ளோட்டில் இடித்தது. உறிஞ்சியெடுத்து மறுபடி மெலிதாக வைக்க வேண்டியதாயிற்று.

ஃப்ளோட் உயரம் வலப்பக்கத்தில் 1.5 மில்லிமீட்டர் குறைவாக இருந்தது. நாக்கைச் சிறிது சிறிதாக வளைத்து, ஒவ்வொரு முறையும் அளந்து, இரண்டையும் ஒன்றாக்கினேன். வண்டியில் பூட்டுவதற்கு முன், ஒரு சிறிய துணை டேங்கைத் தொங்கவிட்டு மேசை மேலேயே குழாய்ச் சோதனையை அரை மணி நேரம் நடத்தினேன். இரண்டு பக்கமும் மட்டம் ஒரே அளவில் நின்றது. தாளில் ஒரு சொட்டும் இல்லை. டேங்கின் அடியில் துருப்பொடி இருந்ததால் அதைக் கழுவி, டேப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு ஃபில்டரையும் சேர்த்தேன். ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றினேன். வெளியே வந்த பழைய ஆயில் தண்ணீர் போல ஓடியதைப் பார்த்தபோது, அவசரப்பட்டு இயக்காமல் இருந்தது நல்லதாயிற்று என்று தோன்றியது.

எஞ்சின் சோக் போட்டு மூன்றாவது முயற்சியில் இயங்கியது. இரவு முழுவதும் டேப்பைத் திறந்து வைத்து, வண்டியை வெளியே நிறுத்திச் சோதித்தேன். காலையில் அடியில் விரித்த தாள் உலர்ந்தே இருந்தது. சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினாலும் சொட்டவில்லை. வலப்பக்கப் பிளக் மட்டும் இன்னும் கறுத்தே வருகிறது. காற்றுக் கலவை ஸ்குரூவை எத்தனை சுற்று திறக்க வேண்டும் என்பதைத் தனிக் கேள்வியாக எழுதுகிறேன்.